என் பாதியில் ஒன்றும் இல்லை

கதவை அப்படியே விடாதீர்கள், காற்றில் அறைந்துகொள்ளும். கீழே ஒரு செங்கல் கிடக்கிறதே, அதை முட்டுக் கொடுங்கள். கெரால்ட்டனில் மத்தியானம் ஆகிவிட்டால் இந்தக் காற்றோடுதான் குடித்தனம். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். டீ போட்டுவிட்டுப் பேசலாம்.

உங்களுக்குச் சர்க்கரை வேண்டாம், பால் கொஞ்சமாக. போன தடவை சொன்னீர்கள். எனக்கு ஞாபகசக்திக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன தடவை உங்கள் கேள்வி ஒன்றுக்கு "மறந்துபோச்சு" என்று பதில் சொன்னேன். பிப்போ செத்ததை விசாரிக்க வந்த அரசாங்க அதிகாரியிடம் அப்படிச் சொன்னது சரியில்லை. அதைத் திருத்தத்தான் நானே போன் பண்ணி வரச் சொன்னேன். பெர்த்திலிருந்து அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள், அலுப்பாகத்தான் இருக்கும். எனக்கும் அலுப்புதான். இப்போதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு அலுத்துப்போகிறது.

ரெக்கார்டரை மேஜை மேலேயே வையுங்கள். அந்தச் சிவப்பு விளக்கு மின்னட்டும், பரவாயில்லை.

என் தொழிலைப் பற்றிப் போன தடவை நீங்கள் அதிகம் கேட்கவில்லை. யாருமே கேட்பதில்லை, கேட்டால் கொட்டாவி வரும். ஆனால் அது புரியாமல் நான் செய்தது புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் சிங்கி இறால் பிடிக்கிற படகு ஒவ்வொன்றிலும் ஒரு வின்ச் இருக்கும். கடலடியில் இறாலுக்கு வைத்த கூட்டைக் கயிற்றோடு இழுத்து மேலே கொண்டுவருவது அதுதான். அதை ஓட்டுகிற பெட்டியை எங்கள் பட்டறை செய்கிறது. பெட்டிக்குள் ஒரு சிப், சிப்புக்குள் நான் எழுதின புரோகிராம். வின்ச்சுக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு இரும்புக் கம்பி பார்த்திருப்பீர்கள். கை கயிற்றில் மாட்டிக்கொண்டால் உடம்பை அந்தக் கம்பி மேல் சாய்த்தால் போதும், வின்ச் நின்றுவிட வேண்டும். கையால் எதையும் அழுத்த வேண்டாம், கைதான் மாட்டியிருக்குமே. அந்தக் கம்பி யோசனை என்னுடையது. ஊரில் அதற்கு நல்ல பெயர்.

நாம் எழுதுகிற புரோகிராமைச் சிப்புக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றித் தருவது கம்பைலர். அதில் ஆப்டிமைசேஷன் என்று ஒரு அமைப்பு உண்டு. அதைப் போடாமல் விட்டால், எழுதினதை எழுதினபடி மாற்றித் தரும். புரோகிராம் பெருத்துப்போய் மெதுவாக ஓடும். போட்டால் அதற்கு மூளை வந்துவிடும். வீண் வேலை என்று தோன்றுவதையெல்லாம் வெட்டி எறியும். பெரும்பாலும் சரியாகத்தான் வெட்டும். ஆனால் ஓர் இடத்தில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற ஒரு சுற்றில், கம்பி அழுந்தியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் போய்ப் பார் என்று நான் எழுதியிருந்தேன். கம்பைலர் யோசித்தது. இந்தச் சுற்றுக்குள் யாரும் இதை மாற்றக் காணோமே, எதற்கு வேலை மெனக்கெட்டுத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, ஒரு தடவை பார்த்தால் போதாதா என்று. ஒரு தடவை பார்க்கும், அழுந்தவில்லை என்று முடிவு கட்டும், அதோடு சரி. அதற்கப்புறம் வெளியே ஒரு மனுஷன் கம்பி மேல் சாய்ந்து கத்தினாலும் அதற்குத் தெரியாது.

இதற்கு வைத்தியம் ஒரே ஒரு சொல். வாலட்டைல் என்று போட வேண்டும். 'இது உனக்குத் தெரியாமல் வெளியிலிருந்து மாறும், ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்துவிட்டு வா' என்று அதற்கு அர்த்தம். அந்தச் சொல்லை நான் போடாமல் விட்டிருந்தேன். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நடப்பதுதான்.

அதைக் கண்டுபிடித்ததும் நான்தான். ஒரு கான்கிரீட் கட்டையைப் படகுத்துறைக்கு அடியில் சிக்கவைத்து, பாறையில் கூடு மாட்டின மாதிரி இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். கயிறு அப்படி விறைத்து நிற்கும்போது புரோகிராம் ஒரு சின்னச் சுற்றுக்குள் போகும். அந்தச் சுற்றில் இருக்கிற நேரம் மட்டும் கம்பி வேலை செய்யவில்லை. மற்ற நேரமெல்லாம் தங்கமாக நின்றது. என்னதான் நடக்கிறது என்று பார்க்க, பெட்டிக்குள்ளே ஒரு குட்டி விளக்கை அந்தச் சுற்றிலேயே மின்ன விட்டேன். விளக்கு மின்ன ஆரம்பித்ததும் கோளாறு போன இடம் தெரியவில்லை. எங்கள் தொழிலில் பெரிய வயிற்றெரிச்சல் இதுதான், தேடப் போனால் ஒளிந்துகொள்ளும். காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தேன். விளக்கைப் போட புரோகிராம் அந்தச் சுற்றை விட்டு வெளியே போய்வர வேண்டியிருக்கிறது. வெளியே போய்விட்டு வீட்டுக்கு வந்தால் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்போம் இல்லையா, அது மாதிரி, திரும்பி வந்ததும் கம்பியையும் ஒரு தடவை புதிதாகப் பார்த்துக்கொள்கிறது.

அப்போது சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. இறாலுக்கு விலை ஏறுகிற சமயம். படகுக்காரர்கள் பெட்டிக்காகப் பட்டறை வாசலிலேயே நின்றார்கள். விளக்கோடு சோதனை பண்ணி எல்லாம் சரி என்று சொல்லியாயிற்று. சோதனை முடிந்ததில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் பட்டறையில் ஒரு சட்டம். அந்தச் சொல்லை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்புறம் என்பது வரவே இல்லை. சீல் வைத்த பெட்டிக்குள், யார் கண்ணுக்கும் படாமல், அந்த விளக்கு வருஷக்கணக்காக மின்னிக்கொண்டிருந்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதுவரைக்கும் என் மேல் பெரிதாகத் தப்பு சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

ப்ரோன்வின் பாஸ்கோவை உங்களுக்குத் தெரியும், அவளிடமும் வாக்குமூலம் வாங்கியிருப்பீர்கள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு ஹோபார்ட்டிலிருந்து வந்தவள். கெட்டிக்காரி. முதல் நாளே என் மேஜையைத் துடைத்து, என் பேனாக்களை ஒரு டப்பாவில் போட்டு, "இதெல்லாம் உங்களுக்கு வேணுமா டெஸ், இல்ல நான் வச்சுக்கவா?" என்று கேட்டாள். நன்றாகத்தான் கேட்டாள். கடைசி நாள் லாமிங்டன் கேக் வாங்கினார்கள், ஒரு தூண்டில் பரிசாகக் கொடுத்தார்கள். நான் மீன் பிடிக்கிறவன் இல்லை என்பது இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை. "எதாவது சந்தேகம்னா உங்களத்தான் கூப்பிடுவோம்" என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள்.

யாரும் கூப்பிடவில்லை. என் மனைவி என்னை விட்டுப் போய் ரொம்ப காலம் ஆகிறது, பன்பரியில் நன்றாகத்தான் இருக்கிறாள். பிள்ளை குட்டி கிடையாது. காலையில் எழுந்ததும் போனைச் சார்ஜில் போடுவேன். சாயங்காலம் பார்த்தால் அப்படியே நிறைந்து கிடக்கும். எனக்கு அது வலித்தது. வெளியே சொன்னால் சின்னத்தனமாக இருக்கும், ஆனாலும் வலித்தது.

அப்படி இருக்கிறபோது ஒருநாள் அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. போன் இல்லை, மெசேஜ். சௌக்கியமா என்றுகூட இல்லை. "டெஸ், பெட்டிக்குள்ள ஒரு லைட் மின்னுதே, அது எதுக்கு? தேவையில்லன்னா எடுத்துடவா?" அவ்வளவுதான். நான் அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தேன். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "ஒண்ணுக்கும் இல்ல. எடுத்துடு" என்று பதில் போட்டேன்.

இதைத்தான் உங்களிடம் மறந்துபோச்சு என்று சொன்னேன். மறக்கவில்லை. அந்தச் சொல் எந்த வரியில் இல்லை என்பதுகூட எனக்கு ஞாபகம் இருந்தது.

என் கணக்கு ரொம்பச் சாதாரணமானது. விளக்கை எடுத்ததும் படகுத்துறையில் கட்டையைக் கட்டி இழுத்துப் பார்ப்பார்கள், வின்ச் நிற்காது, தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், ஒரு வாரத்தில் எனக்குப் போன் வரும். போய், விஷயத்தைச் சொல்லி, ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இதில் யாருக்கு என்ன நஷ்டம், நீங்களே சொல்லுங்கள்.

போன் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பட்டறைப் பக்கம் நடந்து போனபோது அந்தக் கான்கிரீட் கட்டை வாசலில் இருந்தது. அதன் மேல் ஒரு ஜெரேனியம் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். படகுத்துறைச் சோதனைக்கு இன்சூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எல்லாச் சோதனையும் இப்போது மேஜை மேல்தானாம், அதுவும் ஆப்டிமைசேஷனைப் போடாத மெதுவான புரோகிராமை வைத்து. அதில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. தொட்டியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிப்போ மன்டூசோ எனக்குப் பழைய சிநேகிதன். அவன் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் இங்கே இறால் பிடிக்கிறது. அவன் மனைவியின் தம்பி டாமிர்தான் படகில் கூட வேலை பார்ப்பவன். குளிர்காலம் முடிகிற நேரத்தில் டாமிரின் கை கயிற்றோடு வின்ச்சில் போய்விட்டது. பிப்போ கத்தியால் கயிற்றை அறுத்து இழுத்தான். இரண்டு விரல் போயிற்று. புதுப் பெட்டி, விளக்கு இல்லாத பெட்டி. பட்டறை முதலாளி வந்து பார்த்துவிட்டு, கையுறை பெரிசு, அதனால் மாட்டிக்கொண்டது என்று முடித்துவிட்டார்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை ப்ரோன்வின் என் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். நான் சமையல்கட்டில் பட்டாணி சூப் வைத்துக்கொண்டிருந்தேன்.

"டெஸ், பிப்போ பொய் சொல்ற ஆள் இல்ல. நான்தான் கம்பில சாஞ்சேன், நிக்கலன்னு சத்தியம் பண்றார். முதலாளி காதுலயே போட்டுக்க மாட்டேங்கறார். எனக்கு மனசு ஆறல. கொஞ்சம் கூட இருந்து பாப்பீங்களா?"

"உள்ள வா முதல்ல. சாப்பிட்டியா?"

"இல்ல."

"உக்காரு."

அந்த மேஜையில்தான் உட்கார்ந்தாள், நீங்கள் இருக்கிற அதே இடத்தில். இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள். அவள் கெட்டிக்காரி என்று சொன்னேனே, ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் ஜெரேனியத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அந்தக் கட்டையை எடுத்துக்கொண்டுபோய்ப் படகுத்துறையில் இழுத்துப் பார்த்திருக்கிறாள். வின்ச் நிற்கவில்லை. ஆப்டிமைசேஷனை எடுத்துவிட்டுப் பார்த்தால் நின்றது, ஆனால் அவ்வளவு மெதுவான புரோகிராமைக் கடலுக்கு அனுப்ப முடியாது. போட்டால் நிற்கவில்லை. அவளுக்கு முகமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

"நான் அந்த லைட்ட எடுத்தேனே, அதனால இருக்குமா டெஸ்?"

"ஒரு லைட்டுக்கும் வின்ச்சுக்கும் என்ன சம்பந்தம்? லைட்டு போனதுல நேரம் கொஞ்சம் மாறியிருக்கும். எங்கயோ சேதி முன்னபின்ன வருது. அவ்வளவுதான்."

"அப்ப பேசாம அந்த லைட்ட திரும்பப் போட்டு எல்லாப் பெட்டியையும் மாத்திடவா? காரணம் அப்புறம் தேடலாம்."

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. "காரணம் தெரியாம ஒட்டுப் போட்டா கோளாறு உள்ளயே ஒளிஞ்சுக்கும் ப்ரோன்வின். அப்புறம் வேற எங்கயாவது வந்து கழுத்தறுக்கும். ஒழுங்கா தேடிக் கண்டுபிடிக்கறவங்க அப்படிப் பண்ண மாட்டாங்க" என்றேன். அவள் வெட்கப்பட்டுத் தலையாட்டினாள். நான் சொன்னது தப்பே இல்லை. எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

இரண்டு பேர் தேடும்போது பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். கம்பி அழுந்தினதும் சேதியைக் கொண்டுவருகிற பகுதி ஒரு பாதி. வந்த சேதியைப் பார்த்து வின்ச்சை ஓட்டுகிற பகுதி மறு பாதி. "ரெண்டும் நீங்க எழுதினதாச்சே, எது வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள். வின்ச்சை ஓட்டுகிற பாதி என்றேன். ஒருத்தர் தன் பாதி சுத்தம் என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் அதைத் திறந்து பார்க்க மாட்டார். பார்த்தால், உன்னை நான் நம்பவில்லை என்று மூஞ்சிக்கு நேரே சொன்ன மாதிரி. பட்டறையில் யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை அது. ஆனால் அதை மீறினவர்களும் இல்லை.

அப்புறம் வியாழக்கிழமை தோறும் வந்தாள். வேலை முடிந்து நேரே இங்கே. கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டுவாள், செருப்பை உதறுவாள், கணினியைத் திறப்பாள். தன் பாதியை வரி வரியாகப் படிப்பாள். ஒரு இடத்தில் எண்களைத் திரையில் காட்ட வைத்துப் பார்ப்பாள், வேறு இடத்தில் நேரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிற்று. சமயத்தில் அப்படியே மேஜையில் தலையை வைத்துவிடுவாள். நான் சத்தம் போடாமல் கிண்ணங்களைக் கழுவி வைப்பேன்.

"உங்க பாதியில ஏதாவது தெரியுதா டெஸ்?"

"என் பாதியில ஒண்ணும் இல்ல. சிப்புக்குள்ள போற பாஷையவே எடுத்து வரி வரியா பாத்துட்டேன்."

"அப்ப என் பாதியிலதான். சரி. மறுபடி முதல்லேர்ந்து."

இப்படியே போயிற்று. எத்தனை வியாழன் என்று நான் எண்ணவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவள் என்னை விட எவ்வளவோ சின்னவள். எனக்கு வேண்டியது ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து, உப்பு கொஞ்சம் தூக்கல் டெஸ் என்று சொல்வது, அவ்வளவுதான். ஒரு தடவை, "நீங்க மட்டும் இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்" என்றாள். என் ஆயுசில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னது கிடையாது.

ஒவ்வொரு வியாழனும், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைப்பேன். சூப் குடித்து முடிக்கட்டும் என்று பார்ப்பேன். முடித்ததும் அவள் களைத்துப்போய் இருப்பாள், அந்த நேரத்தில் எதற்கு என்று தோன்றும். சொன்னால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். கோட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. படகு படகாகப் போய், கம்பியை நம்பாதீர்கள், கை மாட்டினால் மெயின் ஸ்விட்சை அணையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். முதலாளிக்கு அது தெரிந்து சத்தம் போட்டார். படகுக்காரர்கள் குழம்பிப்போனார்கள். ஸ்விட்ச் இருப்பது கேபினுக்குள்ளே. தனியாகப் போகிறவனுக்கு அது எட்டாது.

அதனால்தான் பிப்போ என்னிடம் வந்தான். ஒரு திங்கட்கிழமை காலை. ஈரச் சாக்கில் இரண்டு சிங்கி இறாலைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, வாசற்படியிலேயே நின்றான். பூட்ஸில் சேறு, உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டான்.

"யோவ் டெஸ், அந்தப் பொண்ணு பெட்டிய நம்பாதங்குது. உன் முதலாளி நம்புங்கறான். பெட்டி நீ செஞ்சது. நீ சொல்லு, எனக்கு வேற எவன் சொல்றதும் வேணாம்."

"டாமிர் எப்படி இருக்கான்?"

"மூணு விரல்ல பீர் டின்ன எப்படித் திறக்கறதுன்னு பழகிட்டிருக்கான், கேடி. ஒண்ணு கூட சிந்தறதில்ல. பேச்ச மாத்தாத. சீனப் புத்தாண்டு வருது, அவனுக்குப் பதிலா ஆள் தேடித் தேடி ஓஞ்சுட்டேன். தனியாத்தான் போகணும். போலாமா, வேணாமா?"

இந்த இடத்தை நான் சரியாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு என் சட்டைப் பையில் ஒரு சிப் இருந்தது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்து, முன்தினம்தான் எழுதியிருந்தேன். எனக்கே ஒரு திருப்திக்காக, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க. அவன் படகு இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கட்டியிருந்தது. சிப்பை மாற்ற ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது.

ஆனால் மாற்றினால் ப்ரோன்வினுக்குத் தெரிந்துவிடும். அவள் எல்லாப் படகின் பெட்டியையும் மாறி மாறிக் கொண்டுவந்து சோதிப்பவள், பிப்போ பெட்டி மட்டும் ஏன் நிற்கிறது என்று கேட்பாள். போகாதே என்று சொன்னாலும் சிக்கல். பிப்போவே போகவில்லை என்றால் ஊரில் ஒரு படகும் போகாது. முதலாளி பதறிப்போய்ப் பெர்த்திலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டி வருவார். வெளியாளுக்கு எங்கள் வழக்கம் எதுவும் தெரியாது, இரண்டு பாதியையும் திறப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்துவிடுவார். அதோடு வியாழக்கிழமைகள் முடிந்துபோகும்.

"போலாம்" என்றேன். "கம்பி நிக்கும். கையுறைய மட்டும் இறுக்கமாப் போட்டுக்கோ."

"அவ்வளவுதானே? இதச் சொல்ல எதுக்குய்யா இவ்வளவு நேரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த? நீ சொன்னாச் சரி மச்சான்." சாக்கை என் கையில் திணித்தான். "வெண்ணெய் நிறையப் போட்டுச் சமை. தண்ணில போட்டு வேகவச்சுப் பாழாக்காத, உன்ன எனக்குத் தெரியும்."

வெண்ணெய் போட்டுத்தான் சமைத்தேன். வியாழக்கிழமை ப்ரோன்வினும் நானும் சாப்பிட்டோம். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். மறுநாள் அவன் படகைப் பார்த்ததாக வேறொரு படகிலிருந்து ரேடியோவில் சொன்னார்கள்.

படகு ஒரே இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்ததாம். கூடு பாறையில் சிக்கி, கயிறு விறைத்து, வின்ச் இன்னும் இழுத்துக்கொண்டிருந்ததாம். அந்த இரும்புக் கம்பி நடுவில் வளைந்திருந்தது என்று உங்கள் அறிக்கையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நல்ல கனமான கம்பி அது, நான் பார்த்துப் பார்த்து வாங்கினது. அது வளைகிற அளவுக்குச் சாய்ந்திருக்கிறான் என்றால், நிற்கும் நிற்கும் என்று கடைசி வரைக்கும் நம்பியிருக்கிறான். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அடக்கத்துக்குப் போனேன். டாமிர் அந்த மூன்று விரல் கையை என்னிடம் நீட்டினான், நானும் பிடித்துக் குலுக்கினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் ப்ரோன்வின் வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். கையால் கேட்டைப் பிடித்திருந்தாள், திறக்கவில்லை.

"நான்தான் டெஸ். நான்தான் அந்த லைட்ட எடுத்தேன். நான் எடுக்காம இருந்திருந்தா அவர் உயிரோட இருந்திருப்பார். என் பாதியிலதான் எங்கயோ இருந்துச்சு, எத்தன தடவ படிச்சேன், என் கண்ணுல படல."

"மனசப் போட்டுக் குழப்பிக்காத. உள்ள வா. சூப் இருக்கு."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் வேலையையும் விட்டுவிட்டாள். இப்போது டொங்காராவில் அக்கா வீட்டில் இருப்பதாகக் கேள்வி. போன் பண்ணினால் எடுப்பதில்லை. மெசேஜுக்கும் பதில் இல்லை. உங்களிடம் எல்லாம் தன் தப்புதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று டாமிர் சொன்னான். அது உண்மையில்லை. அவள் அந்த மாதிரி ஒரு பழியைச் சுமப்பது நியாயம் இல்லை.

அதனால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன், நன்றாகப் பதிவாகட்டும். அந்தச் சொல் இல்லை என்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துதான் விளக்கை எடுக்கச் சொன்னேன். டாமிரின் விரல் போனபோது எதனால் போயிற்று என்று தெரியும். அவள் தன் பாதியைத் திரும்பத் திரும்பப் படித்தபோது அதில் ஒன்றும் கிடைக்காது என்று தெரியும். பிப்போ வாசலில் நின்று கேட்டபோது, கயிறு சிக்கினால் வின்ச் நிற்காது என்று தெரியும். தெரிந்துதான் போலாம் என்றேன். அவனைக் கொன்றது நான். அந்தச் சிப் இதோ, இந்தத் தட்டில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் பிப்போ பெட்டியில் இருந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சொல்தான் வித்தியாசம் இருக்கும்.

இவ்வளவு நாள் கழித்து இப்போது ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். மனசாட்சி என்று போட்டுக்கொள்ளுங்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்ய வேண்டும். நீங்கள் திரும்பிப் போகிற வழியில்தான் டொங்காரா. அவளைப் பார்த்து நேரிலேயே சொல்லிவிடுங்கள், கோளாறு அவள் பாதியில் இல்லை, என் பாதியில்தான் இருந்தது, எனக்குத் தெரிந்தே இருந்தது என்று. அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். போனில் திட்டுகிற ரகம் இல்லை அவள், நேரே வந்து மூஞ்சிக்கு மூஞ்சி கேட்டால்தான் அவளுக்கு ஆறும். போலீசுக்கு நீங்கள் சொல்லத்தான் வேண்டும், சொல்லுங்கள். அவர்களை மட்டும் வெள்ளிக்கிழமை வரச் சொல்ல முடியுமா? நாளைக்கு வியாழன், பட்டாணி ஊறப் போட்டிருக்கிறேன்.